கட்டம் நிறைகிறது, கதை வரவில்லை: கதை வரைபடத்தின் கோளாறுகளும் கைவைத்தியமும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் கதை வரைபடத்தை, அதாவது கதையின் பகுதிகளைக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளும் தாளை, பிள்ளைகள் கையில் கொடுப்பேன். ஆகஸ்டு வருவதற்குள், போன ஆண்டு எங்கே பழுதானதோ அதே இடத்தில் மறுபடியும் பழுதாகும். முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளைத் திட்டினேன். மூன்றாம் ஆண்டு வரைபடத்தைத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் எந்தக் கோளாறுக்கு எங்கே கைவைப்பது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினேன். கீழே இருப்பது அந்த நோட்டின் சுத்தப் பிரதி.

உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றின் கீழும் காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக வைத்திருக்கிறேன். செலவு என்று நான் சொல்வது பாடவேளைக் கணக்கு. சாக்பீஸ் அளவில் முடிவதை முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் இழுப்பது கடைசியில் இருக்கட்டும்.

கருவி சரியானதுதானா?

மனவரைபடம் என்றால் நம் பள்ளிகளில் தெரியாதவர் இல்லை. படைப்பாற்றல் கல்வி வந்த நாளிலிருந்து நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து எட்டுத் திசைக்கும் கோடு என்று பிள்ளைகள் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். பாடக் கருத்துகளைத் தொகுக்க அது நல்ல கருவி. கதைக்கு ஆகாது. வட்டத்தில் எது முன், எது பின் என்பதே கிடையாது. கதைக்கு அதுதான் உயிர். உங்கள் பிள்ளைகள் கதைக்கும் இந்தச் சிலந்தி வடிவத்தைத்தான் வரைகிறார்கள் என்றால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் கருவியை மாற்றுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

நான் வைத்திருப்பது வீட்டு வரைபடம். எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கட்டுக் கட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு நீளத் தாளைக் கிடத்தி, இடமிருந்து வலமாக ஐந்து பகுதி போடுவோம். முகப்பில் யார், எங்கே, எப்போது. வளவில் சிக்கல்; மேலே வானம் திறந்திருக்கும் முற்றம் அது, மழை நேராக வீட்டுக்குள் விழும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் முயற்சிகளுக்கு: ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார்கள், திறக்கவில்லை. அடுப்படியில் உச்சம். பின்வாசலில் முடிவு. நுழைந்த தெரு வேறு, வெளியேறும் தெரு வேறு.

ஒரு எச்சரிக்கை. என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வீடுகளில் வசிப்பவர்கள் அல்லர். பூட்டிக் கிடக்கும் கதவை வெளியிலிருந்து பார்த்தவர்கள். கல்யாணத்துக்குத் திறக்கும்போது அம்மாவோடு வேலைக்குப் போனவர்கள். முதல் ஆண்டு ஒரு சிறுமி, “எங்கள் வீட்டில் ஒரே அறைதான் டீச்சர், நான் எங்கே சிக்கலை வைப்பது?” என்று கேட்டாள். அன்றைக்கே அவளுக்கு வேறு வரைபடம் போட்டோம்: தேவகோட்டை பஸ். ஏறும் நிறுத்தம், பஸ் நின்றுபோகும் இடம், தள்ளிப் பார்ப்பது, கடைசி நிறுத்தம். அதுவும் இதே வேலையைச் செய்கிறது. எந்த உருவம் என்பது முக்கியம் இல்லை. பிள்ளை கண்ணை மூடினால் அதற்குள் நடந்துபோக முடிய வேண்டும்.

எதற்கும் முன்னால்: தாளைக் கவிழ்த்துப் பாருங்கள்

எந்த அறிகுறியானாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். வரைபடத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “இப்போது கதையை எனக்குச் சொல்” என்று கேளுங்கள்.

சரளமாகச் சொன்னால் கதை பிள்ளையிடம் இருக்கிறது, கையில் இறங்கவில்லை. முதல் தலைப்பையும் கடைசித் தலைப்பையும் பாருங்கள்.

கட்டத்தில் எழுதிய சொற்களையே பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னால் கோளாறு வரைபடத்தில். மூன்று முதல் ஆறு வரையுள்ள தலைப்புகளில் ஒன்றில் மருந்து கிடைக்கும்.

வாயே திறக்கவில்லை என்றால் இரண்டாம் தலைப்பு.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லாதீர்கள். வாசிப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

1. அறிகுறி: எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது, எழுதச் சொன்னால் ஐந்தே வரி

அதிகம் வரும் கோளாறு இதுதான். தாளைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி, பூவெல்லாம் போட்டிருப்பார்கள். கதையோ, ஐந்து கட்டத்துக்கு ஐந்து வாக்கியம்.

*கட்டத்தில் வினைச்சொல் இருக்கிறதா?* “வறுமை”, “போட்டி”, “வெற்றி” என்று பெயர்ச்சொற்களாக இருந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள். எங்கள் வகுப்பில் ஒரு சட்டம்: வினைமுற்று இல்லாத கட்டம் செல்லாது. “வறுமை” என்பதை அடித்துவிட்டு “அப்பா சைக்கிளை விற்றார்” என்று எழுத வேண்டும். “விற்றார்” என்று வந்துவிட்டால் யாருக்கு, எவ்வளவுக்கு, மகன் பார்த்துக்கொண்டிருந்தானா என்று அடுத்தடுத்த கேள்விகள் தாமாக வரும். “வறுமை”யிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. இந்தத் திருத்தத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். பாதி வகுப்பு இதிலேயே தேறிவிடும்.

*கட்டங்களுக்கு நடுவில் நிலை வைத்திருக்கிறீர்களா?* கட்டுக்கும் கட்டுக்கும் இடையில் நிலைக்கதவு இல்லாமல் வீடு கட்டினால் உள்ளே எப்படிப் போவது? இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விரலை வைத்து, “இங்கே என்ன சொல் வரும்?” என்று கேளுங்கள். “அப்புறம்” என்பார்கள். அடுத்த இடத்திலும் “அப்புறம்”. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பட்டியல்.

“குமார் ஊருக்குக் கிளம்பினான். அப்புறம் பஸ் போய்விட்டது. அப்புறம் நடந்தான். அப்புறம் மழை வந்தது.”

நிலைகளில் இரண்டே சொற்களை அனுமதியுங்கள்: “ஆனால்”, “அதனால்”.

“குமார் ஊருக்குக் கிளம்பினான். ஆனால் கடைசி பஸ் போய்விட்டது. அதனால் குறுக்கு வழியில் நடந்தான். ஆனால் கண்மாய்க்கரையில் மழை பிடித்துக்கொண்டது. அதனால்...”

இரண்டாவதில் அடுத்து என்ன என்று வகுப்பே கேட்கும். நிகழ்ச்சிகள் அதேதான். நான் இந்தச் சொற்களைச் சிவப்புச் சாக்பீஸால் கோட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன். எந்த நிலையில் இரண்டுமே பொருந்தவில்லையோ அங்கே ஒரு நிகழ்ச்சி விடுபட்டிருக்கிறது, அல்லது ஒன்று தேவையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் எது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

*எல்லாக் கட்டமும் ஒரே அளவா?* ஒரே அளவு கட்டம் கொடுத்தால் ஒரே அளவுதான் எழுதுவார்கள். முகப்பு இரண்டு விரல் அகலம் போதும். அடுப்படி ஒரு சாண் இருக்கட்டும். அச்சிட்ட பயிற்சித்தாளில் இதைச் செய்ய முடியாது; அதனால்தான் ஜெராக்ஸ் தாளை விட்டுவிட்டு வெறுந்தாளில் கையால் கோடு போடச் சொல்கிறேன். ஒருமுறை அழகாக அச்சடித்து லேமினேஷனும் செய்து சுவரில் மாட்டினேன். பகல் பதினொரு மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, கடைசி இரண்டு வரிசைக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. செலவழித்த காசுக்கு இன்றும் அது பீரோவின் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

*வாயால் சொல்லிப் பார்த்தார்களா?* கட்டத்திலிருந்து நேராக எழுத்துக்குத் தாவக் கூடாது. பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லட்டும். கேட்பவருக்கும் வேலை கொடுங்கள்: மூன்று கேள்வி கேட்க வேண்டும், மூன்றும் “ஏன்” அல்லது “எப்படி” என்று தொடங்க வேண்டும். அந்தப் பதில்களைக் கட்டத்தின் ஓரத்தில் குறித்த பிறகே நோட்டைத் திறக்கலாம். இதற்கு ஒரு முழுப் பாடவேளை போய்விடும். போகட்டும்.

இத்தனையும் செய்து, வாயால் நன்றாகச் சொல்லியும் எழுத்து ஐந்து வரியிலேயே நிற்கிறது என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

2. அறிகுறி: தாள் வெறுமையாகவே இருக்கிறது

*சொல் புரியவில்லை.* “சிக்கல்” என்ற கட்டத்தில் ஒரு பையன் “தங்கச்சி தலைமுடி” என்று எழுதியிருந்தான். “உச்சம்” என்றதும் “மதியம் பன்னிரண்டு மணி” என்று எழுதியவளும் உண்டு. இருவர் பேரிலும் பிழை இல்லை. நாம் பாடநூல் மொழியில் கேட்டுவிட்டோம். கட்டத்தின் தலையில் பெயர் எழுதாமல் கேள்வி எழுதுங்கள்: “யாருக்கு என்ன வேண்டும்?”, “எது குறுக்கே வந்தது?”, “என்னென்ன செய்து பார்த்தார்?”, “எந்த நொடியில் எல்லாம் மாறியது?”, “இப்போது எங்கே நிற்கிறார்?”

*கதையே தெரியாது.* புதிய கதையையும் புதிய வரைபடத்தையும் ஒரே நாளில் கொடுத்தால் இரண்டும் கெடும். முதல் வாரம் முழுவதும் தெரிந்த கதைகள்தான்: வடை திருடிய காக்கா, முயலும் ஆமையும், முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரி. பாரி எங்களுக்கு இன்னும் சௌகரியம். பறம்புமலை என்பது இப்போதைய பிரான்மலை, எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. மலையைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு முகப்புக் கட்டத்தை நிரப்புவதில் தயக்கம் இல்லை.

*தப்பாகிவிடுமோ என்ற பயம்.* பேனாவைப் பிடுங்கிவிட்டுப் பென்சிலைக் கொடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சிறு தாள் துண்டுகளில் எழுதி வீட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும், ஒட்ட வேண்டாம். நகர்த்த முடிகிற எழுத்தைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. துண்டுகளைப் போட்டுவைக்க எங்கள் வகுப்பில் பனையோலைக் கொட்டான் ஒன்று இருக்கிறது, ஒரு பிள்ளையின் ஆயா முடைந்து கொடுத்தது.

*கரும்பலகை தெரியவில்லை.* மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றி உட்காரவைத்துப் பாருங்கள். அன்றைக்கே தாள் நிறைந்தால் கதைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர்கள் வர நாளாகும் என்றால் பெற்றோரிடம் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

3. அறிகுறி: கதை கேட்டால் நாட்குறிப்பு வருகிறது

“காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். ஆத்தங்குடிக்குப் போனோம். கல் செய்வதைப் பார்த்தோம். சாப்பிட்டோம். வந்தோம்.”

ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து கதை எழுதச் சொன்னால் முப்பது தாளும் இப்படித்தான் வரும். கண்ணாடியின் மேல் அச்சு வைப்பார்கள், நிறச் சாந்து ஊற்றுவார்கள், அதன்மேல் மணலும் சிமெண்டும் போடுவார்கள், தண்ணீரில் ஊறவைப்பார்கள், காயவைப்பார்கள். வரிசை துல்லியமாக இருக்கும். அது செய்முறை. செய்முறைக்கு வேறு வரைபடம் இருக்கிறது: அம்புக்குறிச் சங்கிலி. அதைப் போடவேண்டிய இடத்தில் வீட்டை வரையச் சொன்னது நம் தவறு.

சோதனை: “இதில் யாருக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கதை இன்னும் தொடங்கவில்லை.

மருந்து: அதே நிகழ்ச்சியில் ஓர் ஆளுக்கு ஓர் ஆசையைக் கொடுத்து, அதன் குறுக்கே ஒன்றைப் போடச் சொல்லுங்கள். “முதல்முறையாகச் சாந்து ஊற்றும் பையன், மாமா போடுவதுபோல் ஒரு பூக்கல் போட ஆசைப்பட்டான். ஆனால் பச்சையும் சிவப்பும் ஒன்றில் ஒன்று இறங்கிவிட்டன.” இதைச் சொன்னது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, மீதி வகுப்பு அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவு எழுதியது. நாட்குறிப்பு எழுதியவர்கள் கவனித்துப் பார்த்தவர்கள், அவர்களைக் கடியாதீர்கள். விவரம் அவர்களிடம்தான் நிறைய இருக்கும். ஓர் ஆசையும் ஓர் “ஆனாலு”ம் சேர்த்தால் அவர்களுடையதுதான் வகுப்பிலேயே நல்ல கதையாகும்.

4. அறிகுறி: சிக்கல் கட்டத்தில் “கெட்டவன் வந்தான்” என்று மட்டும் இருக்கிறது

சினிமாவின் கைங்கரியம். இங்கே முதல் சோதனைக்கு எனக்குக் காக்காயும் நரியும் போதும்.

“சிக்கல் என்ன?” என்று கேட்டால் “நரி ஏமாற்றியது” என்பார்கள். சரி. இப்போது நரியை முகப்பில் உட்காரவைத்து அதே வரைபடத்தை மறுபடி போடச் சொல்லுங்கள். நரிக்குப் பசி. வடை மரத்தின் மேலே. நரிக்கு மரம் ஏறத் தெரியாது. முயற்சி: பாட்டைப் புகழ்வது. உச்சம்: காக்கா வாயைத் திறக்கிறது. பின்வாசலில் நரி வயிறு நிறைந்து போகிறது. அதே வடை, அதே மரம். ஆனால் கட்டங்கள் அத்தனையும் மாறிவிட்டன. ஒருவரின் முடிவு இன்னொருவரின் சிக்கல் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே கத்துவார்கள். மூன்றாவதாக வடை சுட்ட பாட்டியை முகப்பில் வைக்கலாம். நான் வைத்த அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வேலை வாங்கும். சொந்தக் கதையில் பிள்ளைகள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதும்போது கெட்டவனே இருக்கமாட்டான். பிள்ளையார்பட்டி சதுர்த்தி விழாக் கூட்டத்தில் தம்பியின் கையை விட்டுவிட்ட அக்கா யாரை வில்லனாகப் போடுவாள்? அந்தக் கட்டத்தில் அவள் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு, “நான் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று எழுதினாள். இந்த மாதிரி வரி வரும்போது ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நிற்பது நல்லது. அதைச் சத்தமாக வகுப்பில் படித்துக்காட்டும் ஆசை எனக்கும் வந்தது. அவளிடம் கேட்டேன், வேண்டாம் என்றாள். படிக்கவில்லை.

சிக்கல் கட்டத்தில் வீட்டில் அடி, குடி, பசி என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அது கதைத் தாள்தான் என்று கடந்துபோகாதீர்கள். திருத்தவும் வேண்டாம், துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இடத்தில் தமிழாசிரியர் வேலை முடிந்துவிட்டது.

5. அறிகுறி: எல்லாக் கதைக்கும் உச்சம் நட்ட நடுவில் இருக்கிறது

மலை மாதிரி முக்கோணம் வரையும் வகுப்புகளில் இது வரும். பிள்ளைகள் கதையின் நீளத்தை அளந்து, பாதி தூரத்தில் ஒரு கொடியை நட்டுவிடுவார்கள்.

காரணம் படத்தில் இருக்கிறது. அந்த முக்கோணம் ஜெர்மானியரான குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை வைத்துப் போட்டது. அங்கே திருப்பம் மூன்றாம் அங்கத்தில், நடுவில். சிறுவர் கதைகள் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏறுவது நீளம், இறங்குவது நாலே எட்டு. முக்கோணத்தை விட மனமில்லை என்றால் சிகரத்தை வலப்பக்கம் தள்ளி வரையுங்கள். ஐந்து நிமிட வேலை.

உச்சம் எது என்று சண்டை வந்தால் அது கோளாறு இல்லை, வகுப்பு நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணகி கதையில் எட்டாம் வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. கோவலன் வெட்டுப்பட்டதே உச்சம் என்று ஒரு கூட்டம், சிலம்பு உடைந்தது என்று ஒரு கூட்டம், மதுரை எரிந்தது என்று மூன்றாவது. தீயைவிடப் பெரிய உச்சம் ஏது என்பது அவர்கள் வாதம். அப்போது நான் கொடுத்த சோதனை: “இந்த நொடிக்குப் பிறகு முடிவை யாராலாவது தடுக்க முடியுமா?” கோவலன் இறந்த பிறகும் அரசன் உண்மையை மறுத்திருக்க முடியும், அவையில் வழக்கு வேறு பக்கம் போயிருக்க முடியும். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகு முடியாது. முப்பது காதைகளில் அது இருபதாவது. நடுவும் அல்ல, கடைசியும் அல்ல. தீ கட்சிக்காரர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

6. அறிகுறி: பின்வாசலில் நீதி மட்டும் நிற்கிறது

“ஒற்றுமையே பலம்.” “பேராசை பெருநஷ்டம்.” “பெற்றோர் சொல் கேட்க வேண்டும்.” முடிவுக் கட்டத்தில் ஆள் இல்லை, பழமொழிதான் இருக்கிறது.

இதற்கு நாமே காரணம். எந்தக் கதை முடிந்தாலும் “இதன் நீதி என்ன?” என்று கேட்டுப் பழக்கியவர்கள் நாம்; பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் அந்தக் கேள்வியை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் அப்பத்தாக்கள் “கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது” என்று எழுந்து போய்விடுவார்கள். நீதி சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியும் அந்தக் கதைகள் மனத்தில் நிற்கின்றன.

மாற்றுக் கேள்வி: “எந்தத் தெருவில் வெளியே வந்தார்?” முகப்புக் கட்டத்தையும் பின்வாசல் கட்டத்தையும் மட்டும் விட்டு நடுவில் இருப்பதைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் அதே ஆள் அதே மாதிரி நிற்கிறாரா? நின்றால் நடுவில் நடந்ததெல்லாம் வீண். தம்பியைத் தொலைத்த அக்கா பின்வாசலில், “இப்போது கூட்டத்தில் நான் பலூன் பக்கம் திரும்புவதில்லை” என்று எழுதினாள். நீதியும் அதற்குள்ளேயே இருக்கிறது, யாரும் கேட்காமல்.

தேர்வில் நீதி கேட்டால் என்ன செய்வது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வரைபடத்துக்கு வெளியே, தெருவில், ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்குள் வேண்டாம்.

7. அறிகுறி: முப்பது தாளும் ஒரே தாள்

கரும்பலகையில் நீங்கள் போட்ட மாதிரியை அழிக்கவில்லை. அழியுங்கள். அடுத்த முறை மாதிரிக்கு ஒரு கதை, பயிற்சிக்கு வேறு கதை. இவ்வளவுதான்.

8. அறிகுறி: நடுவில் தொடங்கிப் பின்னால் போகிற கதை வரைபடத்தில் அடங்கவில்லை

எட்டாம் வகுப்பில் கொஞ்சம் வாசிக்கிற பிள்ளைகளிடம்தான் இது வரும். மகிழ்ச்சியாக வரவேற்க வேண்டிய கோளாறு. வீட்டைத் தொடாதீர்கள். நிகழ்ச்சிகளைத் தாள் துண்டுகளில் எழுதி, வகுப்பில் இரண்டு கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் மாட்டுங்கள். மேல் கயிற்றில் நடந்த வரிசை, கீழ்க் கயிற்றில் சொன்ன வரிசை. எந்தத் துண்டு இடம் மாறியிருக்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும்: முன்பே சொல்லியிருந்தால் என்ன கெட்டிருக்கும்?

9. அறிகுறி: வாயில் கதை கொட்டுகிறது, கையில் ஒரு சொல்லும் வரவில்லை

தாளைக் கவிழ்க்கும் சோதனையில் வகுப்பே வாய் பிளக்கும்படி சொல்லிவிட்டு, எழுதும்போது உறைந்துபோகும் பிள்ளை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். “சோம்பேறி” என்ற சொல் உங்கள் வாய் வரைக்கும் வந்திருந்தால் விழுங்கிவிடுங்கள். வரிசையாகப் பாருங்கள்.

*பென்சில், தாள், மேசை.* சிரிக்காதீர்கள். மேசை உயரம் பொருந்தாமல் கை வலித்து எழுதாத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

*எழுதும் அளவு.* கட்டத்தில் எழுதாமல் படம் வரையட்டும். படத்தைக் காட்டிச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அதை அவன் வாசிக்கட்டும். இரண்டு வாரத்தில் தானாகச் சில சொற்கள் சேர்கின்றனவா பாருங்கள்.

*கண்ணும் காதும்.* புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறானா, வரியை விட்டுவிட்டு வாசிக்கிறானா, நீங்கள் முதுகைக் காட்டிப் பேசினால் பதில் வருவதில்லையா. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம். கண்ணாடி ஒன்றில் தீர்ந்துபோகும் விஷயத்துக்குக் கதை வரைபடத்தை மாற்றிக்கொண்டிருந்த ஆண்டு எனக்கும் உண்டு.

*எழுத்து.* ன, ண, ந மாறுவதும் ல, ள, ழ மாறுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் உள்ளது. அதை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். கொம்பும் காலும் தொடர்ந்து விடுபடுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதவே பெரும்பாடுபடுவது, வாசிக்கச் சொன்னால் வயிற்று வலி வருவது: இவை சேர்ந்து வந்தால் நோட்டில் தேதி போட்டுக் குறியுங்கள்.

நான் வைத்திருக்கும் கெடு ஆறு வாரம். அதற்குள் மேலே சொன்னவற்றில் எதுவும் அசைக்கவில்லை என்றால் நாம் ஒதுங்கி, தெரிந்தவரை அழைக்க வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்; தலைமையாசிரியர் வழியாகச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. உரிய மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் பரிசோதித்தவர். நீங்களோ நானோ அல்ல. வீட்டாரிடம் பேசும்போது பெயர் எதுவும் வைக்காமல், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “நன்றாகக் கதை சொல்கிறான் ஆச்சி, எழுதுவதற்குத்தான் கஷ்டப்படுகிறான், ஒருமுறை காட்டிவிடுவோம்.” முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியைச் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

சிறப்பாசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வெவ்வேறு வாரத்தில் எழுதிய மூன்று தாள்கள், தேதியோடு. நீங்கள் குறித்துவைத்த நோட்டு. கூடவே, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளை கதை சொல்வதைக் கைபேசியில் எடுத்த பதிவு. போன முறை நான் கொண்டுபோனது ஒரு பையன் கண்மாயில் விறால் பிடிக்கப்போன கதை. ஓடுவது நான்கு நிமிடம், ஒரு இடத்தில்கூட “அப்புறம்” இல்லை. அதே கதைக்கு அவன் கொடுத்த தாளில் நான்கு கட்டம் காலி, அடுப்படியில் மட்டும் “மீன்” என்று இருந்தது. சிறப்பாசிரியர் அம்மையார் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டார், பிறகு தாளை எடுத்துப் பார்த்தார், மூன்றாவதாகத்தான் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.